முகமும் குரலும்: 'மை ஃபேர் லேடி' திரைப்படத்தின் நடிகர் தேர்வும் வீட்டு வீடியோப் பதிப்புகளும்

1. முன்னுரை

மேடையில் வெற்றி பெற்ற இசை நாடகம் திரைப்படமாகும்போது அதன் கதையும் பாடல்களும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆயின், அவற்றை மேடையில் பாடி நடித்தவர்கள் எல்லாரும் அவ்வாறு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிராட்வே மேடையிலிருந்து ஹாலிவுட்டுக்குச் சென்ற இசை நாடகங்கள் சிலவற்றில் மேடையில் பாடியவர் ஒருவர். திரையில் தோன்றியவர் மற்றொருவர். திரையில் தோன்றியவருக்காகப் பாடியவர் மூன்றாமவர். இம்மூன்றாமவரின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவது அரிதாகவே இருந்தது.

இவ்வாறு மறைக்கப்பட்ட குரல்களைப் பற்றிய செய்தி அக்காலத்திலேயே இதழ்களில் ஓரளவு கசிந்தது. எனினும் அக்குரல்களை ஒப்பிட்டுக் கேட்டு அறியும் வாய்ப்பு, படங்கள் வீட்டு வீடியோவாக வெளிவந்த பின்னரே பொதுமக்களுக்குக் கிட்டியது. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' என்னும் படத்தைச் சான்றாகக் கொண்டு, நடிகர் தேர்வில் நிகழ்ந்த மாற்றத்தையும், அம்மாற்றம் பிற்கால வீடியோப் பதிப்புகளில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. இப்படத்தின் கதைத்தலைவன் ஓர் ஒலியியல் பேராசிரியன். கதைப்பொருளோ ஒருத்தியின் பேச்சை மாற்றியமைத்தல். எனவே, குரலும் உரிமையும் பற்றிய இவ்வினா மொழியியலாரின் கவனத்திற்கு உரியதாகின்றது.

2. நாடகமும் அதன் மொழிப்பொருளும்

'மை ஃபேர் லேடி'யின் மூலம் பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' என்னும் நாடகம். அது 1913-இல் வியன்னாவில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக முதன்முதலில் அரங்கேறியது. லண்டனில் 1914 ஏப்ரல் 11 அன்று ஆங்கிலத்தில் மேடையேறியது. தெருவில் பூ விற்கும் எலைசா டூலிட்டில் என்னும் பெண், லண்டனின் கிழக்குப் பகுதி உழைக்கும் மக்களின் காக்னி வழக்கில் பேசுகிறாள். ஹென்றி ஹிக்கின்ஸ் என்னும் ஒலியியல் வல்லுநர் சில மாதப் பயிற்சியில் அவளுடைய உச்சரிப்பை மாற்றி, உயர்குடிப் பெண்ணாக அவளை உலகம் ஏற்குமாறு செய்ய முடியும் எனப் பந்தயம் கட்டுகிறார். ஆங்கில ஒலியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஹென்றி ஸ்வீட்டைப் பற்றி ஷா தம் நாடகத்தின் முன்னுரையில் எழுதியுள்ளார். ஹிக்கின்ஸ் ஸ்வீட்டின் உருவப்படம் அன்று எனினும், அவருடைய சாயல் சில அப்பாத்திரத்தில் உண்டு என்பது ஷாவின் கூற்றாலேயே தெளிவாகின்றது.

1938-இல் இந்நாடகம் லெஸ்லி ஹோவர்ட், வெண்டி ஹில்லர் ஆகியோர் நடிப்பில் பாடல் இல்லாத படமாக வெளிவந்தது. நடன விருந்துக் காட்சி அப்படத்திற்காக உருவாக்கப்பட்டு, பின்னர் இசை நாடகத்திலும் இடம்பெற்றது. ஆலன் ஜே லெர்னர் உரையாடலும் பாடல்களும் எழுத, ஃபிரெடெரிக் லோ இசையமைக்க, 'மை ஃபேர் லேடி' 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் அரங்கில் தொடங்கியது. மொத்தம் 2,717 காட்சிகள் நடைபெற்றன. ஹிக்கின்ஸாக ரெக்ஸ் ஹாரிசனும், எலைசாவாக ஜூலி ஆண்ட்ரூஸும், எலைசாவின் தந்தையாக ஸ்டான்லி ஹாலோவேயும் நடித்தனர். அப்போது ஆண்ட்ரூஸுக்கு அகவை 20. ஆங்கில நாட்டுப் பெண்ணாகிய அவருக்குக் காக்னி உச்சரிப்பைப் பயிற்றுவிக்க அமெரிக்கர் ஒருவர் அமர்த்தப்பட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவருடைய பேச்சு அவர் பிறப்போடு வருவதன்று, பயின்று பெறுவது என்னும் நாடகக் கருத்தை, நாடகத் தயாரிப்பின் இந்நிகழ்ச்சியே மெய்ப்பிக்கின்றது.

மேடை நிகழ்ச்சிக்கு வேண்டிய முதலீட்டைச் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் வழங்கியது. அந்நிறுவனத்தைச் சார்ந்த கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம், மேடைக் கலைஞர்கள் பாடிய இசைத்தட்டை வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்டது. அதனால் நியூயார்க்கில் நாடகத்தை நேரிற் காணாத இலட்சக்கணக்கானோர் எலைசாவின் குரல் என்றால் ஆண்ட்ரூஸின் குரல் என்றே அறிந்திருந்தனர். திரைப்படத்தின் நடிகர் தேர்வு பின்னர்ப் பெருஞ்சர்ச்சைக்கு உள்ளானதற்கு இவ்விசைத்தட்டே அடிப்படை எனலாம்.

3. நடிகர் தேர்வு

திரைப்பட உரிமையை வார்னர் நிறுவனம் 55 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அக்காலத்தில் இது வியப்பூட்டும் பெருந்தொகை. படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டாலர். இத்துணைப் பெரிய முதலீட்டை மீட்க வேண்டுமாயின், உலகெங்கும் திரையரங்கிற்கு மக்களை ஈர்க்கும் முகம் தேவை என நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் கருதினார். அதுவரை எந்தத் திரைப்படத்திலும் தோன்றியிராத ஆண்ட்ரூஸை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்த ஆட்ரி ஹெப்பர்னை அமர்த்தினார். ஹிக்கின்ஸ் பாத்திரத்திற்கும் முதலில் கேரி கிராண்ட் அணுகப்பட்டார். அவர் மறுத்துவிட, மேடையில் நடித்த ஹாரிசனே திரைக்கும் வந்தார். ஹாலோவேயும் தம் பாத்திரத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஆக, மேடையின் முதன்மைக் கலைஞர் மூவருள் ஆடவர் இருவரும் திரைக்குச் செல்ல, பெண் ஒருவர் மட்டும் விலக்கப்பட்டார்.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. 1959-இல் மேடையேறிய 'ஜிப்சி' நாடகத்தில் ஈதெல் மெர்மன் புகழ்பெறச் செய்த தாய்ப் பாத்திரம், 1962-ஆம் ஆண்டுப் படத்தில் ரோசலிண்ட் ரசலுக்குச் சென்றது. 1964-இல் கேரல் சானிங் நடித்த 'ஹலோ, டாலி!' 1969-இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் நடிப்பில் படமாயிற்று. ஏஞ்சலா லான்ஸ்பரி மேடையில் நடித்த 'மேம்' 1974-இல் லூசில் பால் நடிப்பில் வெளிவந்தது. 'தி மியூசிக் மேன்' (1962) படத்தில் மேடைக் கலைஞர் ராபர்ட் பிரஸ்டனே நடித்தது போன்ற விதிவிலக்குகளும் உண்டு. மேடைக்கு வேண்டியது கடைசி வரிசை வரை எட்டும் குரல். திரைக்கு வேண்டியதாக முதலீட்டாளர் கருதியதோ முன்னரே அறிமுகமான முகம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமையாதபோது முகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குறைபட்ட குரலுக்கு வேறொருவர் தேடப்பட்டார்.

4. இரவல் குரல்

திரையில் தோன்றும் நடிகைக்காகப் பிறர் பாடும் முறை ஹாலிவுட்டில் பேசும்படக் காலத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆங்கில இதழ்கள் இத்தகைய பாடகரை 'ஆவிப் பாடகர்' எனக் குறித்தன. உடல் இன்றிக் குரல் மட்டும் உள்ளவர் என்பது இப்பெயரின் கருத்து. நம் நாட்டில் 'பின்னணிப் பாடகர்' என்னும் தொடர் வழங்குவதையும் இதனையும் ஒப்பிட்டு நோக்கினால், இரு திரையுலகங்களின் மனப்போக்கு வேறுபட்டமை புலனாகும். பின்னணி என்பது ஓர் இடம். அங்கு நிற்பவருக்குப் பெயர் உண்டு. ஆவிக்கு இடமும் இல்லை, பெயரும் இல்லை.

இந்தியாவிலும் தொடக்கத்தில் நிலைமை வேறுபட்டிருக்கவில்லை. 1949-இல் வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடியவர் பெயராகக் கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. வானொலி நேயர்கள் கேட்டபின்னரே லதா மங்கேஷ்கர் என்னும் பெயர் வெளிப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பின்னணிப் பாடகரின் பெயர் இந்தியத் திரையுலகின் விளம்பரப் பொருளாகவே மாறியது. ஹாலிவுட்டிலோ அம்மாற்றம் நிகழவில்லை. நடிகையே பாடுகிறார் என்னும் நம்பிக்கையைக் காப்பது நிறுவனத்தின் வணிக நலனாகத் தொடர்ந்து கருதப்பட்டது.

இவ்வகைப் பாடகருள் தலைசிறந்தவர் மார்னி நிக்சன் (1930-2016). 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெர்ருக்காகப் பாடியவர் இவர். பாடல் ஒத்திகைகளில் இருவரும் அருகருகே நின்று பயின்றனர். கெர்ரின் பேச்சொலி, மூச்சு விடும் இடம், உதட்டசைவு ஆகியவற்றை நிக்சன் உற்று நோக்கித் தம் பாட்டில் ஏற்றினார். பாட்டின் பேச்சுத்தன்மை மிக்க அடிகளைக் கெர் கூற, மேல்நிலைச் சுரங்கள் வருமிடத்தை நிக்சன் ஏற்றுப் பாடிய பகுதிகளும் உண்டு. உண்மையை வெளியிட்டால் இனி இத்தொழிலில் வாய்ப்பே கிடைக்காது எனத் தாம் எச்சரிக்கப்பட்டதாகப் பின்னாளில் நிக்சன் குறிப்பிட்டார். ஆயினும் கெர்ரே இதழாளரிடம் நிக்சனின் பங்கை மறைக்காமற் கூறினார்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. கதைத்தலைவியாக நடித்த நடாலி உட் தம் குரலே படத்தில் ஒலிக்கும் என நம்பிப் பாடல்களைப் பதிவு செய்தார். அப்பாடல்களுக்கே வாயசைத்தும் நடித்தார். பின்னர் அக்குரல் நீக்கப்பட்டு, அவ்வுதட்டசைவிற்கு இசையுமாறு நிக்சன் பாட நேர்ந்தது. படத்தின் இசைத்தட்டு விற்பனையில் பங்கு வேண்டும் என நிக்சன் கேட்டபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தமக்குரிய பங்கிலிருந்து கால் விழுக்காட்டை அவருக்கு அளித்தார். தொகை சிறிதாயினும், குரல் ஒரு நாட்கூலிப் பணியன்று, படைப்பின் பகுதி என்பதற்கு இசையமைப்பாளர் ஒருவர் அளித்த ஒப்புதலாக இதனைக் கொள்ளலாம்.

குரல் மாற்றத்திற்குப் பாடும் திறன் இன்மை மட்டுமே காரணம் எனவும் கூற இயலாது. 'சவுத் பசிபிக்' நாடகத்தில் பாடி நடித்து டோனி விருது பெற்ற ஜுவனிடா ஹால், 1958-ஆம் ஆண்டுப் படத்திலும் அதே பாத்திரத்தில் நடித்தார். ஆயின் பாடல்களில் ஒலித்தது, அப்பாத்திரத்தை லண்டன் மேடையில் ஏற்ற மியூரியல் ஸ்மித்தின் குரல். மேடையில் தாம் பாடிய பாடலையே திரையில் பிறர் பாட, அதற்கு வாயசைக்கும் நிலை ஹாலுக்கு ஏற்பட்டது.

5. படத்தில் ஒலிக்கும் குரல்கள்

ஹெப்பர்ன் பாடத் தெரியாதவர் அல்லர். 'ஃபன்னி ஃபேஸ்' (1957), 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' (1961) ஆகிய படங்களில் தம் சொந்தக் குரலிலேயே பாடியிருந்தார். 'மை ஃபேர் லேடி'க்காகக் குரற்பயிற்சி பெற்றுப் பாடல்களைப் பதிவும் செய்தார். அவருடைய குரல் தாழ்நிலையது, வீச்சுக் குறைந்தது. எலைசாவின் பாடல்களோ ஆண்ட்ரூஸின் உயர்நிலைக் குரலுக்கென அமைக்கப்பட்டவை. பெரும்பாலான பாடல்களை நிக்சனே பாடுவார் என்பதை அறிந்த ஹெப்பர்ன் படப்பிடிப்பிலிருந்து வெளியேறியதாகவும், மறுநாள் திரும்பிவந்து அனைவரிடமும் வருத்தம் தெரிவித்ததாகவும் கூறப்படுகின்றது.

இறுதியாக வெளிவந்த படத்தில் ஹெப்பர்னின் குரல் முற்றிலும் நீக்கப்படவில்லை. ஹிக்கின்ஸ் மீது சினங்கொண்டு எலைசா தனியே பாடும் பாடலின் தாழ்நிலைப் பகுதிகள் ஹெப்பர்னுடையவை. இடையில் உயர்ந்து செல்லும் பகுதி நிக்சனுடையது. ஒரே பாத்திரத்தின் ஒரே பாடலில் இரு பெண்களின் குரல்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஒலியியல் நோக்கில் இவ்விணைப்பு ஆராயத்தக்கது. ஆங்கிலச் செவ்வழக்கில் 'எய்' என ஒலிக்கும் ஈருயிர் காக்னியில் 'ஐ' என்பதற்கு நெருங்கி ஒலிக்கும்; சொல்லின் முதலில் வரும் ஹகரம் கெடும். பிரசல்ஸில் பிறந்து, டச்சும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த ஹெப்பர்ன் இவற்றைப் பயின்று பேசினார். அமெரிக்கரான நிக்சனோ காக்னியை மட்டுமன்றி, ஹெப்பர்ன் பேசும் காக்னியையே பின்பற்றிப் பாட வேண்டியிருந்தது. போலச்செய்தலின் மேல் மற்றொரு போலச்செய்தல் எனலாம். எலைசாவை விரும்பும் ஃபிரெடி என்னும் இளைஞனாக நடித்த ஜெரமி பிரெட்டுக்கும் பில் ஷெர்லி என்பவரே பாடினார்.

இதற்கு நேர்மாறானது ஹாரிசனின் நிலை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட தம் முறையை ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றியே வழங்குவார் ஆதலின், முன்பதிவு செய்த ஒலிக்கு வாயசைக்க அவர் உடன்படவில்லை. கழுத்துப்பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்துவைக்கப்பட்டு, படப்பிடிப்பின்போதே அவருடைய பாடல்கள் பதிவு செய்யப்பட்டன. பாட இயலாத ஆடவரின் குறை ஒரு தனிப்பாணியாக ஏற்கப்பட்டு, அதற்கெனத் தொழில்நுட்பமே மாற்றியமைக்கப்பட்டது. உயர்ந்த சுரங்களை எட்டாத பெண்ணின் குறையோ பிறர் குரலால் மூடப்பட்டது. ஒரே படத்தில் இருவகை நீதி செயற்பட்டமை தெளிவு.

படத்தின் ஒலியியல் பகுதிக்கு ஆலோசகராக இருந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஒலியியலறிஞர் பீட்டர் லாடிஃபோகெட். இவர் பிற்காலத்தில் பெ. பாஸ்கரராவ் முதலியோருடன் இணைந்து நீலகிரியில் வழங்கும் திராவிட மொழியாகிய தோடாவின் ஒலிகளை ஆய்ந்து எழுதியவர். 2006-இல் இந்திய ஆய்வுப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் லண்டனில் மறைந்தார்.

படம் 1964 அக்டோபரில் வெளிவந்தது. எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் (ஜார்ஜ் குகோர்), சிறந்த நடிகர் (ஹாரிசன்) என்பன அவற்றுள் அடங்கும். ஹெப்பர்ன் சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. இரவல் குரலே அதற்குக் காரணம் எனப் பலர் கருதினர். அவ்விருதை அதே ஆண்டில் வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்திற்காக ஆண்ட்ரூஸ் பெற்றார். நிக்சனோ அவ்வாண்டிலேயே நியூயார்க் சிட்டி சென்டர் அரங்கில் நடந்த 'மை ஃபேர் லேடி' மேடை நிகழ்ச்சியில் எலைசாவாகத் தம் சொந்தப் பெயரில் பாடி நடித்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

6. வீட்டு வீடியோவின் வரவு

1970-களின் நடுப்பகுதியில் பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் ஆகிய நாடாக்கள் தோன்றின. 1977-இல் ஃபாக்ஸ் நிறுவனம் தன் படங்களுள் 50-ஐ நாடா வடிவில் விற்க உரிமம் அளித்ததை அமெரிக்காவில் வீட்டு வீடியோ வணிகத்தின் தொடக்கமாகக் குறிப்பர். திரையரங்கில் ஒருமுறை கண்டு நினைவில் மட்டும் வைத்திருந்த படத்தை வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் பார்க்கும் நிலை அப்போதுதான் ஏற்பட்டது. நிறுத்தியும் பின்னோக்கிச் செலுத்தியும் கேட்கும் வசதி, குரல் மாறும் இடத்தைச் செவியால் கண்டறிய உதவியது.

ஆயினும் முதற்காலப் பதிப்புகள் குறையுடையவை. 'மை ஃபேர் லேடி' 65 மி.மீ. நெகட்டிவில் எடுக்கப்பட்ட அகலத்திரைப் படம். அதன் அகலம் உயரத்தைப்போல 2.2 மடங்கு. அக்காலத் தொலைக்காட்சித் திரையின் அகலமோ உயரத்தைப்போல 1.33 மடங்கே. எனவே, தொலைக்காட்சித் திரையை நிரப்புமாறு படத்தை வெட்டினால் காட்சியின் அகலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இழக்கப்படும். குதிரைப் பந்தயக் காட்சியில் கறுப்பு வெள்ளை உடைகளில் வரிசையாக நிற்கும் மாந்தரின் அமைப்பு இத்தகைய வெட்டில் சிதைந்துபோகும். 

1978-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த லேசர் ஒளித்தட்டு இந்நிலையை மாற்றியது. படத்தின் முழு அகலத்தையும், மேலும் கீழும் கரிய பட்டைகளுடன், காட்டும் வழக்கம் இதன்வழியே பரவியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்களை ஒரே தட்டில் வைக்கும் வசதியும் இதில் இருந்தது. படம் ஓடும்போதே அறிஞர் ஒருவர் விளக்கம் கூறும் உரைத்தடம் 1984-இல் 'கிங் காங்' ஒளித்தட்டில் அறிமுகமாயிற்று. மூலமும் உரையும் ஒருங்கே அமைந்த பதிப்பு முறை திரைப்படத்திற்கும் இவ்வாறு வாய்த்தது.

எல்லாப் படங்களுக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1935-இல் மேடையேறிய 'போர்கி அண்ட் பெஸ்' 1959-இல் படமானபோது சிட்னி பாய்ட்டியருக்கு ராபர்ட் மெக்ஃபெரினும், டாரதி டான்ட்ரிட்ஜுக்கு ஏடல் அடிசனும் பாடினர். இசையமைப்பாளரின் வாரிசுகள் அப்படத்தை விரும்பாமையாலும், உரிமைச் சிக்கல்களாலும் அது பல பதிற்றாண்டுகள் கடந்தும் முறையான வீடியோப் பதிப்பைக் காணவில்லை. 2011-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பாதுகாக்கத்தக்கது என அறிவிக்கப்பட்ட படத்தை மக்கள் எளிதிற் பார்க்க இயலாத இந்நிலை, வீடியோப் பதிப்பு என்பது வரலாற்றுச் சான்று கிடைப்பதையே அறுதியிடுகின்றது என்பதை உணர்த்துகின்றது.

7. செப்பனிடலும் மீட்கப்பட்ட குரலும்

'மை ஃபேர் லேடி'யின் உரிமை பின்னர்ச் சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதன் மூல நெகட்டிவ் பெரிதும் பழுதுற்றிருந்தது. முன்னர் 'ஸ்பார்டகஸ்' படத்தைச் செப்பனிட்ட ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ் ஆகியோர் இப்பணியை மேற்கொண்டனர். படம் வெளிவந்து 30 ஆண்டு நிறைவுற்ற 1994-இல் செப்பனிட்ட படி திரையரங்குகளுக்கும், தொடர்ந்து வீடியோவிற்கும் வந்தது. பாடல்களை ஹெப்பர்ன் தம் குரலிற் பாடிய பழைய ஒலிப்பதிவுகள் சிலவும் இக்காலத்தில் வெளிக்கொணரப்பட்டன. ஹெப்பர்ன் 1993 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். படம் உருவான வரலாற்றைக் கூறும் ஆவணப்படத்தைத் தொகுத்து வழங்கியவர் ஜெரமி பிரெட்; அவரும் இப்படத்தில் இரவல் குரலுக்கு வாயசைத்தவரே.

1998-இல் வெளிவந்த டிவிடியில், 'வுடண்ட் இட் பி லவர்லி', 'ஷோ மி' ஆகிய இரு பாடற்காட்சிகள் ஹெப்பர்னின் சொந்தக் குரலுடன் தனியே இணைப்பாகத் தரப்பட்டன. படம் முழுமைக்குமான விளக்க உரைத்தடத்தில் கலை இயக்குநர் ஜீன் ஆலன், செப்பனிட்ட இருவர் ஆகியோருடன் மார்னி நிக்சனும் பேசினார். 1964-இல் பெயரின்றி ஒலித்த குரலுக்குரியவர், 34 ஆண்டுகளுக்குப் பின், அதே படத்தின்மீது தம் பெயரோடு பேசும் வாய்ப்பைப் பெற்றார். 2006-இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலையும் வெளியிட்டார்.

இவ்விரு பாடற்காட்சிகளையும் ஒப்பிட்டுக் கேட்போர்க்குச் சில உண்மைகள் புலனாகும். நிக்சனின் பாட்டு சுருதித் தூய்மையும் நீண்ட மூச்சும் உடையது. ஹெப்பர்னின் பாட்டில் சுரங்கள் நடுங்குகின்றன. உயர்நிலையில் குரல் மெலிகின்றது. ஆயின், உரையாடலிலிருந்து பாட்டிற்குச் செல்லும் இடத்தில் குரல் மாறுவதில்லை. தெருவில் பூ விற்பவள் பாடுகிறாள் என்னும் எண்ணம் கெடாமல் நிற்கின்றது. இசையால் நோக்கின் ஒன்று சிறப்பு. பாத்திரத்தின் பேச்சொருமையால் நோக்கின் மற்றொன்றும் தள்ளத்தக்கதன்று. 1964-இல் நிறுவனம் எடுத்த முடிவை, நிறுவனத்தின் சொல்லைக் கேட்டு ஏற்காமல், செவியால் கேட்டு மதிப்பிடும் நிலை 1990-களில்தான் பொதுமக்களுக்கு வாய்த்தது.

8. பாடவேறுபாடாகக் குரல்

சுவடிகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரு பாடத்தை மூலமாகக் கொண்டபோதும், பிற ஏடுகளில் கண்ட பாடங்களைப் பிரதிபேதம் என அடிக்குறிப்பிற் காட்டினார். தாம் ஏற்காத பாடத்தையும் அழியவிடாமை பதிப்பாசிரியர் கடமை என்பது அதன் அடிப்படை. 1998-ஆம் ஆண்டு டிவிடி இம்முறையையே கையாண்டுள்ளது எனலாம். நிக்சனின் குரலுடன் வெளிவந்த 1964-ஆம் ஆண்டுப் படம் மூலபாடமாக மாற்றமின்றி நிற்கின்றது. ஹெப்பர்னின் குரல் பாடவேறுபாடாக உடன் வைக்கப்பட்டுள்ளது.

இதற்கு மாறாக, ஹெப்பர்னின் குரலையே மூலபாடத்தில் ஏற்றிப் படத்தைத் திருத்தியிருக்கலாம் என வாதிடுவோரும் இருக்கலாம். அநீதி இழைக்கப்பட்ட நடிகைக்கு அது நீதியாகத் தோன்றும். ஆயின் அவ்வாறு செய்திருப்பின், ஒருமுறை பெயர் மறைக்கப்பட்ட நிக்சனின் குரலும் இரண்டாம் முறை அழிக்கப்பட்டிருக்கும். மேலும், 1964-இல் உலகம் கேட்ட படம் எது என்னும் வரலாற்று உண்மையும் மறைந்திருக்கும். ஒரு குரலை மீட்பதற்கு மற்றொரு குரலைப் புதைத்தல் பதிப்பு நெறியாகாது. இரண்டையும் வைத்து, இது இன்னாருடையது எனப் பெயர் சுட்டுதலே நெறி.

வீடியோப் பதிப்புகள் யாவும் இந்நெறியைப் பேணுவன என்றும் கொள்ளுதல் கூடாது. இவை வணிகப் பொருள்கள். ஆண்டு நிறைவுகளை ஒட்டி மீண்டும் மீண்டும் விற்கப்படுவன. 2011-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி'யின் புளூ-ரே பதிப்பு படத்தரம் குறைந்தது எனக் கண்டிக்கப்பட்டது. பின்னர் ஹாரிஸின் மேற்பார்வையில் மூல 65 மி.மீ. பொருள்களிலிருந்து புதிதாகச் செப்பனிடப்பட்டு 2015-இல் மற்றொரு பதிப்பு வந்தது. பிழைபட்ட படியும் திருத்திய படியும் அடுத்தடுத்துத் தோன்றும் இப்போக்கு ஏட்டுச்சுவடி மரபினர்க்குப் புதியதன்று.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. இசை நாடகம் திரைப்படமானபோது நடிகர் தேர்வு முகத்தின் சந்தை மதிப்பைச் சார்ந்து நடைபெற்றது; அதன் விளைவாகக் குரல், உடலினின்று பிரிக்கப்பட்டுப் பெயரிழந்தது. இம்மாற்றம் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் நேர்ந்ததாயினும், 'மை ஃபேர் லேடி'யின் முதன்மைக் கலைஞர் மூவருள் அதன் சுமையை ஏற்றவர் பெண்ணே. வீட்டு வீடியோ தொடக்கத்தில் படத்தைச் சிதைத்த போதிலும், ஒளித்தட்டும் டிவிடியும் வந்தபின், மறைக்கப்பட்ட குரல்களை ஒப்பிட்டு அறியும் ஆய்வுக் கருவியாகவும் ஆயிற்று.

ஷாவின் நாடகத்தில் எலைசா இறுதியில் எழுப்பும் சிக்கல், மாற்றப்பட்ட பேச்சோடு தான் இனி யாராக வாழ்வது என்பது. அக்கதையைப் படமாக்கியோர் அதே சிக்கலை மூன்று பெண்களிடத்தே உண்டாக்கினர். ஆண்ட்ரூஸின் குரல் இசைத்தட்டிலும், ஹெப்பர்னின் குரல் பெட்டிக்குள்ளும், நிக்சனின் குரல் பெயரின்றித் திரையிலும் தங்கின. இம்மூன்றையும் இன்று ஒருவர் ஒரே நாளில் வீட்டிலிருந்து கேட்டு ஒப்பிடலாம். இந்திய மொழிகளின் பழைய பேசும்படங்கள் ஒளிப்பதிப்பாக வெளிவரும்போதும், நடித்தவர் பெயரோடு பாடியவர் பெயரையும், குரல் மாற்றப்பட்டிருப்பின் மாற்றப்பட்டவர் பெயரையும் ஆய்ந்து பதிதல் வேண்டும். பேச்சொலியையும் பாட்டொலியையும் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியுடைய ஒலியியலார்க்கு அப்பணியில் உரிய பங்கு உண்டு.